விடைத்தாள் திரும்பி வந்த மறுநாள் என்ன நடக்கிறது? தேர்வுச் சீர்திருத்தங்கள் தொடாத இடம்

புதுடெல்லி: ஐந்து மற்றும் எட்டாம் வகுப்புகளின் ஆண்டுத் தேர்வில் தேறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க வகைசெய்யும் விதித் திருத்தத்தை மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 டிசம்பரில் அறிவிக்கை செய்தபோது, நாடு முழுவதும் ஒரே விவாதம்தான் நடந்தது. குழந்தையை நிறுத்தி வைப்பது சரியா, தவறா? கேந்திரிய வித்யாலயா, ஜவஹர் நவோதயா, சைனிக் பள்ளிகள் உள்ளிட்ட, மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அந்தத் திருத்தம் பொருந்தும். 16 மாநிலங்களும் 2 யூனியன் பிரதேசங்களும் கட்டாயத் தேர்ச்சி முறையை அதற்கு முன்பே கைவிட்டிருந்தன. எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்ற நடைமுறையே தொடரும் எனத் தமிழ்நாடு அரசு உடனடியாகத் தெளிவுபடுத்தியது.

இந்த வாதப் பிரதிவாதங்களுக்கு இடையே, அந்த அறிவிக்கையின் சில வரிகள் அதிகம் பேசப்படாமலேயே போயின. தேறாத மாணவருக்குக் கூடுதல் பயிற்சி அளித்து, முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும். அதிலும் தேறாமல் நிறுத்தி வைக்கப்படும் குழந்தையின் கற்றல் இடைவெளிகளை வகுப்பாசிரியர் கண்டறிந்து, குழந்தைக்கும் தேவைப்பட்டால் பெற்றோருக்கும் வழிகாட்டி, தனிக்கவனத்துடன் உதவ வேண்டும். தலைமையாசிரியர் அத்தகைய குழந்தைகளின் பட்டியலைப் பராமரித்து, அவர்களுக்கான ஏற்பாடுகளை நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். தேர்வு மனப்பாடத்தைச் சோதிப்பதாக இருக்கக் கூடாது என்றும் விதி கூறுகிறது.

தேர்ச்சியா, தோல்வியா என்ற வாதத்தைவிட இந்த வரிகளே முக்கியமானவை. ஒரு குழந்தைக்கு எது புரியவில்லை என்பதைக் கண்டறிந்து, அதை அந்தக் குழந்தைக்கே புரியும்படி சொல்லி, சரிசெய்ய நேரம் கொடுப்பதுதான் மதிப்பீட்டின் பயன். கல்வியாளர்கள் இதைப் பின்னூட்டம் என்கின்றனர். ஆனால், கடந்த 15 ஆண்டுகளாக இந்தியா மேற்கொண்ட தேர்வுச் சீர்திருத்தங்களில் எப்போதும் விடுபட்டுப்போனது இந்த ஒரு பணியே. இப்போதும்கூட, இடைவெளியைக் கண்டறியும் ஆசிரியரின் கடமை, குழந்தை இரண்டு முறை தோற்ற பிறகு வரும் பத்தியில்தான் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது.

சட்டத்தில் அருகருகே இருப்பவை:

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. ஒன்று, அச்சமும் மனக்காயமும் பதற்றமும் இன்றிக் குழந்தை தன் கருத்தைத் தயங்காமல் வெளிப்படுத்த உதவ வேண்டும் என்கிறது. அதற்கு அடுத்தது, குழந்தை பெற்ற அறிவையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் முழுமையாகவும் தொடர்ச்சியாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. வகுப்பறைச் சூழலையும் மதிப்பீட்டையும் சட்டம் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம், ஆயினும் பொருத்தமானது. தனக்குத் தெரியாததைச் சொல்லக் குழந்தை அஞ்சும் வகுப்பறையில், எந்த மதிப்பீடும் உண்மையைக் காட்டப் போவதில்லை.

நடைமுறையில் இந்த இரண்டும் வெவ்வேறு கோப்புகளாகிவிட்டன. முதலாவது, ஆலோசகர் நியமனம், விழிப்புணர்வு வாரம் என்று போனது. இரண்டாவது, படிவங்களும் பதிவேடுகளுமாக மாறியது.

சிறு தேர்வுகளாகிப் போன வளரறி மதிப்பீடு:

மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையை 2009-10ஆம் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் அறிமுகப்படுத்தியது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2011 முதல் விருப்பத் தேர்வானது. ஆண்டுக்கு நான்கு வளரறி மதிப்பீடுகள், இரண்டு தொகுத்தறி மதிப்பீடுகள். முன்னதற்கு 40 சதவீதம், பின்னதற்கு 60 சதவீதம் எனப் பகுக்கப்பட்டது. மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரநிலை வந்தது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையுடன் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு இதே 40-60 பகுப்பு வந்தது.

நோக்கம் குறை சொல்ல முடியாதது. ஆனால், வளரறி மதிப்பீடு என்பது கற்பித்தலின் நடுவே ஆசிரியர் எடுக்கும் நாடித்துடிப்பு. அதற்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்ட கணத்திலேயே அது இன்னொரு தேர்வாகிவிட்டது. மதிப்பெண் உண்டென்றால் பதிவேடு வேண்டும். பதிவேடு உண்டென்றால் ஆய்வு வரும். ஆய்வு வருமென்றால் கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும். குழந்தைகளின் செயல்திட்டங்களை இரவு பத்து மணிக்குச் சார்ட் தாளும் பசையுமாக அமர்ந்து பெற்றோர் செய்துகொடுத்ததும், அதே திட்டங்கள் எழுதுபொருள் கடைகளில் ஆயத்தமாக விற்பனைக்கு வந்ததும் அந்த ஆண்டுகளில் பிள்ளைகளைப் படிக்க வைத்த எவருக்கும் நினைவிருக்கும். மாணவரின் மனப்பான்மை, வாழ்க்கைத் திறன் ஆகியவற்றுக்கும் தரநிலை வழங்க வேண்டியிருந்ததால், நாற்பது பேருக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம் எழுதப்பட்டது. இறுதியில் சிபிஎஸ்இ இம்முறையைக் கைவிட்டது. 2018 முதல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மீண்டும் கட்டாயமானது.

அதன்பின் எழுந்த பொதுவான முடிவு, தேர்வு இல்லாததால் கற்றல் சரிந்தது என்பது. இது பாதி உண்மைகூட அல்ல. நடந்தது என்ன என்பதற்கு ஹரியானாவில் முறையான சான்று இருக்கிறது.

ஹரியானா காட்டிய வேறுபாடு:

ஹரியானாவின் குருக்ஷேத்திரம், மகேந்திரகர் மாவட்டங்களில் 400 தொடக்கப் பள்ளிகளிலும் 100 உயர்தொடக்கப் பள்ளிகளிலும் மாநில அரசின் ஒத்துழைப்புடன் ஜே-பால் ஆய்வு வலையமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். தொடக்கப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் சிலவற்றில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு மட்டும், சிலவற்றில் கற்றல் மேம்பாட்டுத் திட்டம் மட்டும், சிலவற்றில் இரண்டும் சேர்த்து நடைமுறைப்படுத்தப்பட்டன. எஞ்சியவை வழக்கம்போல் இயங்கின. பிரதம் தொண்டு நிறுவனம் வகுத்த முறையில் அமைந்த கற்றல் மேம்பாட்டுத் திட்டத்தில், நாளின் ஒரு பகுதியில் குழந்தைகள் தங்கள் வகுப்பை விட்டு, வாசிக்கும் நிலைக்கு ஏற்ப வேறு குழுக்களில் அமர்த்தப்பட்டனர்.

முடிவு தெளிவாக இருந்தது. அடிக்கடி மதிப்பிட்டதால் மட்டும் குழந்தைகளின் கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நிலைக்கேற்ற குழுக் கற்பித்தல் நடந்த பள்ளிகளில் இந்தி வாசிப்பு மேம்பட்டது. இரண்டையும் சேர்த்துச் செய்த பள்ளிகளில் மதிப்பீட்டு முறையால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

இதன் பொருள் மதிப்பீடு வீண் என்பதல்ல. கற்றல் மேம்பாட்டுத் திட்டமும் மதிப்பீட்டில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து, எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரு தாளைக் காட்டி வாசிக்கச் சொல்வார்கள். சில நிமிடங்கள்தான் ஆகும், மதிப்பெண் கிடையாது. ஆனால், அந்தச் சில நிமிடங்களின் விளைவாக மறுநாள் காலை அந்தக் குழந்தை உட்காரும் இடம் மாறுகிறது, கையில் கொடுக்கப்படும் பாடம் மாறுகிறது. மதிப்பீட்டு முறையிலோ பதிவேட்டில் ஒரு கட்டம் நிரம்பியது. மறுநாளும் அதே இருக்கை, பாடநூலின் அடுத்த பக்கம். வேறுபாடு எத்தனை முறை மதிப்பிட்டார்கள் என்பதில் இல்லை.

35 என்று எழுதிய குழந்தை:

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், பல குழந்தைகள் 35 என்று எழுதுகின்றனர். ஆசிரியர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுகிறார். குழந்தைக்குக் கணக்கு வராது என்று முடிவாகிறது. எப்படிச் செய்தாய் என்று கேட்டிருந்தால் பதில் வேறாக வந்திருக்கும். இரண்டிலிருந்து ஏழு போகாது, ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. குழந்தைக்குக் கழித்தல் தெரிகிறது. பத்தைக் கடன் வாங்குவதுதான், அதாவது இடமதிப்புதான் தெரியவில்லை. பத்துக் குச்சிகளைக் கட்டவிழ்த்துக் காட்டினால் ஒரு பாடவேளையில் சரியாகக் கூடிய பிழை அது. அந்தக் கேள்வி கேட்கப்படாவிட்டால், அதே குழந்தை எட்டாம் வகுப்பிலும் அதே பிழையைச் செய்யும்.

2024ஆம் ஆண்டு அசர் அறிக்கையின்படி, கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 33.7 சதவீதத்தினரே குறைந்தபட்சம் கழித்தல் கணக்கைச் செய்கின்றனர். மத்திய அரசின் பராக் அமைப்பு 2024 டிசம்பர் 4 அன்று 781 மாவட்டங்களில், 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில், 21 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்களில் 53 சதவீதம் பேருக்கே பத்தாம் வாய்ப்பாடு வரை தெரிந்திருந்தது. இந்த எண்கள் வெளியாகும்போதெல்லாம் அதிர்ச்சி தெரிவிக்கப்படுகிறது. ஆனால், மாதிரி அடிப்படையிலான தேசிய ஆய்வு ஒரு மாவட்டத்தின் நிலையைச் சொல்லும். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தை ஏன் 35 என்று எழுதியது என்பதை அது சொல்லாது; சொல்வது அதன் வேலையுமல்ல.

அறிக்கை கொடுத்தால் போதுமா?

ஆசிரியர்களுக்கு அத்தகைய தகவலையே கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வியும் சோதிக்கப்பட்டிருக்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், 100 ஊரகத் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மாணவர்களின் பலம், பலவீனம் பற்றிய விரிவான அறிக்கைகள் வழங்கப்பட்டன. அவ்வப்போது வகுப்பறைகளும் பார்வையிடப்பட்டன. பார்வையாளர் இருந்தபோது அந்த ஆசிரியர்கள் கூடுதல் முனைப்புடன் கற்பித்தனர். ஆண்டு முடிவில் மாணவர்களின் தேர்ச்சியில், அறிக்கை பெறாத பள்ளிகளோடு ஒப்பிடும்போது வேறுபாடு இல்லை. மாணவர் முன்னேற்றத்துக்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்ட வேறு பள்ளிகளில் மட்டும், அதே வகை அறிக்கைகள் பயன்படுத்தப்பட்டதற்கான அறிகுறிகள் தென்பட்டன.

ஊக்கத்தொகைதான் தீர்வு என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. அறிக்கையைக் கையில் எடுத்து, அதன்படி நாளைய பாடத்தை மாற்ற ஆசிரியருக்குக் காரணமும் நேரமும் அனுமதியும் இருக்க வேண்டும் என்பதே இது உணர்த்துவது. மூன்றில் அதிகம் பேசப்படாதது அனுமதி. குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட பாடத்தை முடித்தாக வேண்டும் என்ற அட்டவணை, நின்று திரும்பிப் பார்க்கும் ஆசிரியரைப் பின்தங்கியவராகக் காட்டுகிறது.

தகவல் கீழே குழந்தையிடம் செல்லாமல் மேலே அலுவலகத்துக்கு மட்டும் செல்லும்போது வேறொரு சிக்கலும் எழுகிறது. மத்தியப் பிரதேச அரசின் மாநில அளவிலான மாணவர் மதிப்பீட்டை ஆய்வாளர் அபிஜீத் சிங் தணிக்கை செய்தபோது, அதே மாணவர்களிடம் அதே வினாக்களைத் தனியே கேட்டுப் பார்த்ததில், அரசுப் பதிவில் இருந்த தேர்ச்சி உண்மை நிலையைவிட மிக உயர்வாக இருந்தது தெரியவந்தது. யாரையும் தண்டிப்பதற்கான தேர்வல்ல அது. இருந்தும் எண்கள் உயர்ந்தன. பலவீனமான மாணவர்கள் காகிதத்தில் காணாமல் போனார்கள். காணாமல் போனவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்த வேண்டிய தேவையும் எழவில்லை.

அரும்பு, மொட்டு, மலர்:

எல்லாம் தோல்விக் கதைகள் அல்ல. 2021 ஜூலையில் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் இயக்கம், மூன்றாம் வகுப்புக்குள் வாசிப்பும் எண்ணறிவும் என்ற ஒற்றை இலக்கை வைத்தது. அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள், அசர் கணக்குப்படி 2022இல் 16.3 சதவீதமாக இருந்து 2024இல் 23.4 சதவீதமாக உயர்ந்துள்ளனர். கொரோனாவுக்கு முந்தைய 2018இல் இது 20.9 சதவீதம். நான்கில் ஒருவர்கூட இல்லை என்பது கவலைக்குரியது. திசை மாறியிருப்பது உண்மை.

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு வரை விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளின் நிலையை அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டு அழைக்கிறது. பயிற்சி நூலில் ஒரே பாடத்துக்கு மூன்று நிலைச் செயல்பாடுகள் உள்ளன. அரும்பு என்பது மதிப்பெண் அல்ல. மலரப் போவது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. பராக் உருவாக்கிய முழுமையான முன்னேற்ற அட்டையிலும் தொடக்க நிலைக்கு நீரோடை, மலை, வானம் என்று மூன்று படிகள் உண்டு. மலைக்கும் வானத்துக்கும் நடுவே குழந்தை என்ன செய்ய வேண்டும் என்பது சற்றுப் புதிராகவே இருந்தாலும், 35க்கு 12 என்று எழுதுவதைவிட இது மேல்.

ஆனால், பெயர் மென்மையாக இருந்தால் மட்டும் போதாது. அரும்பில் இருக்கும் குழந்தை எவ்வளவு காலம் அரும்பிலேயே இருக்கிறது, யார் எப்போது அடுத்த நிலைக்கு நகர்த்துகிறார் என்பதில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. நிலை மாறாத குழுவுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சில மாதங்களில் அது கடைசிப் பெஞ்சு என்ற பொருளைப் பெற்றுவிடும். பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிடக் கூர்மையானவர்கள்.

கேள்வி கேட்கத் தயங்கும் வகுப்பறை:

என்சிஇஆர்டி 2022இல் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளைச் சேர்ந்த 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய மனநல ஆய்வில், படிப்பு, தேர்வு, முடிவுகள் ஆகியவையே பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் கூறினர். இந்த எண் பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருந்தது: 28 சதவீதம் பேர் கேள்வி கேட்கத் தயங்குவதாகத் தெரிவித்தனர். கற்பித்தலைப் பொறுத்தவரை இரண்டாவது எண்ணே கூடுதல் ஆபத்தானது. கேள்வி என்பது மாணவர் ஆசிரியருக்குத் தரும் பின்னூட்டம். அது நின்றுவிட்டால், பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாததல்ல. விடைத்தாள் கொடுக்கும்போது மதிப்பெண்ணை உரக்கப் படிப்பது, குறைந்தவரை எழுந்து நிற்கச் சொல்வது, மதிப்பெண் வரிசையில் பிரிவு பிரிப்பது ஆகியவை பல பள்ளிகளில் இன்றும் ஒழுங்கின் பகுதியாகவே கருதப்படுகின்றன. உடல்ரீதியான தண்டனையுடன் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது. மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால வழிகாட்டுதல்கள், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து அமர்த்துவதையும், பலர் முன்னிலையில் அவமதிப்பதையும் பயிற்சி மையங்கள் உள்ளிட்டவை தவிர்க்க வேண்டும் என்றன. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது.

ஆலோசகர் தேவைதான். ஆனால், காலை பத்து மணிக்கு வகுப்பில் அவமானப்படுத்தப்பட்ட குழந்தையை மதியம் இரண்டு மணிக்கு ஆலோசகரிடம் அனுப்புவது வகுப்பறைச் சூழலைச் சீராக்குவதாகாது.

மதிப்பெண்ணே குறிப்பை விழுங்கிவிடும் என்பதற்கும் பழைய சான்று உண்டு. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த பணியில் முன்னேறினர். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தனர். எண்ணைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. நம் பள்ளிகளில் எழுதப்படும் குறிப்போ பெரும்பாலும் 'கவனம் தேவை', 'நன்று', 'முயற்சி செய்' என்ற மூன்றில் ஒன்றாக இருக்கிறது. எதில் கவனம், எப்படி முயற்சி என்று சொல்லாத குறிப்பு, எண் போடாத மதிப்பெண்தான்.

ஆசிரியரின் மணிக்கணக்கு:

இதையெல்லாம் ஆசிரியர் மீது மட்டும் சுமத்துவது நியாயமல்ல. எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 40 மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒரு விடைத்தாளை வாசித்து, பயனுள்ள இரண்டு வரிகளை எழுத மூன்று நிமிடம் என்று வைத்தால், ஒரு தேர்வுக்கு இரண்டு மணி நேரம். அந்த ஆசிரியர் நான்கு பிரிவுகளுக்குப் பாடம் எடுத்தால் எட்டு மணி நேரம். இதன்மேல் இணையப் பதிவு, ஆதார் சரிபார்ப்பு, நலத்திட்டப் பொருள்கள் வழங்கல், தேர்தல் பணி. தமிழ்நாட்டில் எமிஸ் தளத்தில் பதிவேற்றும் பணிச்சுமை குறித்து ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருவதன் பின்னணி இதுதான்.

2024-25ஆம் ஆண்டுக்கான யுடைஸ் பிளஸ் தரவுப்படி நாட்டில் ஆசிரியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைக் கடந்தது. அதே தரவில், ஒரே ஓர் ஆசிரியருடன் இயங்கும் பள்ளிகள் 1,04,125 என்றும், அவற்றில் 33 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் படிக்கின்றனர் என்றும் காணப்படுகிறது. ஐந்து வகுப்புகளையும் ஒருவரே கவனிக்கும் பள்ளியில், ஒவ்வொரு குழந்தைக்கும் தன்மதிப்பீடு, சக மாணவர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து எனப் பல பக்கங்கள் கொண்ட முன்னேற்ற அட்டை எப்படி நிரப்பப்படும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. முன்பு மதிப்பீட்டுப் பதிவேடு நிரப்பப்பட்டதைப் போலவே நிரப்பப்படும்.

எனவே, புதிய படிவம் ஒன்றைச் சேர்க்கும்போது பழைய படிவம் எது நீக்கப்படுகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வாரத்துக்கு ஐந்து சிறுதேர்வு நடத்துவதைவிட, ஒன்றை நடத்தி, அந்த விடைத்தாளை வைத்தே மறுநாள் ஒரு பாடவேளையைச் செலவிடுவது ஆசிரியருக்கும் எளிது. பெரும்பாலான மாணவர்கள் ஒரே மூன்று, நான்கு வகைப் பிழைகளையே செய்வார்கள். அவற்றைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, பிழை எங்கே என்று வகுப்பையே கண்டுபிடிக்கச் சொன்னால் நாற்பது குறிப்புகள் எழுதத் தேவையில்லை. இதற்குச் செயலி வேண்டாம். கால அட்டவணையில் ஒரு வரி வேண்டும்.

வழக்குக்குக் கிடைக்கும் விடைத்தாள்:

மேல்நிலைக்குப் போகப் போக விடைத்தாள் குழந்தையிடமிருந்து விலகிச் செல்கிறது. பொதுத்தேர்வு எழுதிய மாணவர் தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமையே, சிபிஎஸ்இக்கு எதிரான ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் மூலம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்தான் நிலைநாட்டப்பட்டது. இன்று கட்டணம் செலுத்தி நகல் பெறலாம். ஆனால், அந்த ஏற்பாடு மதிப்பெண் குறைவாக இருப்பதாகக் கருதுபவர் மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிப்பதற்கானது. எங்கே தவறினோம் என்று கற்பதற்காக விடைத்தாளைத் திரும்பப் பெறும் வழக்கம் பொதுத்தேர்வு முறையில் இல்லை.

2026 முதல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள் என்ற முறை வந்துள்ள நிலையில் இது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. பிப்ரவரியில் நடக்கும் முதல் தேர்வு அனைவருக்கும் கட்டாயம். மே மாதத் தேர்வு விருப்பத்துக்குரியது. அதிகபட்சம் மூன்று பாடங்களில் மதிப்பெண்ணை மேம்படுத்திக் கொள்ளலாம். ஒரே நாளில் ஓராண்டு உழைப்பு தீர்மானிக்கப்படும் அச்சத்தை இது நிச்சயம் குறைக்கும். ஆனால், கணக்கில் 58 பெற்ற மாணவர், எந்த அலகில், எந்த வகை வினாவில் சறுக்கினார் என்பது தெரியாமல் மீண்டும் அதே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால், இரண்டாவது தேர்வு முதலாவதன் மறுபதிப்பாகவே முடியும். தனிப்பயிற்சிக்குப் பணம் செலுத்த முடிந்தவர் அந்த இடைவெளியில் தன் பிழையைக் கண்டுகொள்வார். மற்றவருக்கு அது இன்னொரு காத்திருப்பு. வினாவாரியான பகுப்பை முடிவுடன் சேர்த்தே மாணவருக்கும் பள்ளிக்கும் அனுப்புவது வாரியத்துக்குப் பெரிய செலவு அல்ல.

தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டிருக்கிறது. 2017-18இல் அந்தத் தேர்வு வந்ததற்குக் காரணமே, பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமல் நேரடியாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவியதுதான். தேர்வு போய்விட்டது, அந்தப் பழக்கம் திரும்பி வருகிறதா என்பதைப் பள்ளி அளவிலான மதிப்பீடுதான் காட்ட வேண்டும்.

மத்திய அரசுப் பள்ளிகளில், ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நிறுத்தி வைக்கப்பட்ட குழந்தைகளின் பட்டியலைத் தலைமையாசிரியர்கள் பராமரிக்க வேண்டும் என்பது இப்போது விதி. அதில் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் இருக்கின்றனவா, அல்லது கண்டறியப்பட்ட இடைவெளி என்ன, அதற்காக யார், வாரத்தில் எத்தனை மணி நேரம், என்ன செய்தார் என்ற பத்திகளும் நிரப்பப்பட்டுள்ளனவா? குழந்தைகளின் பெயர்களை நீக்கிவிட்டு இந்த விவரத்தைப் பெற்றோர் கேட்டுப் பெற முடியும். விடைத்தாளைப் பார்க்க வழிசெய்த அதே தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தப் பள்ளிகளுக்கும் பொருந்தும்.